ஆறு கண்ணாடித் துண்டுகளும் மழைத் தொட்டித் தண்ணீரும்

சுகந்தி என்னிடம் கேட்டது இரண்டு பக்கம். ஆய்வுகூடத்தில் வேலை செய்பவர்களுக்காக அவர்கள் இந்த வருடம் ஒரு மலர் போடுகிறார்கள். "சேர், உங்கடை காலத்து வேலையைப் பற்றி ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ, படமும் ஒண்டு தாங்கோ" என்றாள். இது இரண்டு பக்கத்தில் அடங்காது. படம் தந்துவிட்டேன்.

எனக்கு எழுபத்து நான்கு வயது. முப்பத்தொரு வருடம் சளிப் பரிசோதனை செய்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கொழும்பில் இரண்டு வருடம் படித்தேன். முதல் ஆறு மாதம் போத்தல் கழுவினேன். அடுத்த ஆறு மாதம் நான் கழுவிய போத்தலை மற்றவன் திரும்பக் கழுவினான். அதன் பிறகு ஊருக்கு மாற்றம் கிடைத்து, நடராசா சேரின் கீழே வந்து சேர்ந்தேன்.

நடராசா சேர் ஆய்வுகூடப் பொறுப்பாளர். ஒல்லியான மனிதர். எவரையும் ஏசமாட்டார். என்னைவிட இருபது வயது மூத்தவர், ஆனாலும் என்னை "நீங்கள்" என்றுதான் சொல்வார். பிழை விட்டால் பக்கத்தில் வந்து நின்று கைலேஞ்சியால் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். துடைத்து முடிக்கும்வரை ஒன்றும் சொல்லமாட்டார். அந்த நேரத்துக்குள் நானே என் பிழையைத் தேடிப் பிடித்துவிடுவேன். ஒரு தடவை துடைத்து முடிக்க அவருக்கு ஏறக்குறைய நாற்பது செக்கன் எடுக்கும். எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

காசநோய்க் கிருமியைத் தேடும் முறை பெரிய மந்திரம் அல்ல. சளியைக் கண்ணாடித் துண்டில் மெல்லியதாகத் தேய்த்துக் காயவிட வேண்டும். அந்தத் துண்டைத்தான் ஸ்லைட் என்கிறோம். அதன் மேல் சிவப்புச் சாயத்தை ஊற்றிக் கீழே ஸ்பிரிற் விளக்கைப் பிடிக்க வேண்டும். ஆவி எழும்பலாம், கொதிக்கக் கூடாது. ஆவி அடங்க விட்டு மீண்டும் சூடாக்க வேண்டும். அப்படி மூன்று தரம். பிறகு தண்ணீரால் கழுவி, அமிலத்தால் நிறத்தைப் போக்கி, திரும்பக் கழுவி, நீலச் சாயம் போட்டு, கடைசியாக ஒருமுறை கழுவ வேண்டும். எல்லாம் நீலமாகிவிடும். காசநோய்க் கிருமி மட்டும் சிவப்பை விடாது. நீலத்துக்குள்ளே சிவப்பாக, மெல்லிய சின்னக் கோடாகக் கிடக்கும். நுணுக்குக்காட்டியில் ஒரு தடவைக்குத் தெரியும் வட்டத்தைப் புலம் என்போம். நூறு புலம் பார்க்காமல் "இல்லை" என்று எழுதக் கூடாது. கண்டால் எத்தனை என்று எண்ணி எழுத வேண்டும்.

எண்ணுவது எனக்குப் பிடித்த வேலை. இப்போதும் வீட்டிலிருந்து சந்திக்கு எத்தனை மின்கம்பம் என்று கேட்டால் சொல்வேன். பத்தொன்பது. ஒன்று சாய்ந்திருக்கிறது. இரண்டு தரம் முறைப்பாடு செய்துவிட்டேன்.

நான் சொல்லப்போகும் மழைக்காலம், போரால் குடாநாட்டில் மின்சாரம் இல்லாத காலம். நுணுக்குக்காட்டிக்கு அடியில் கண்ணாடி வைத்து வெயிலைப் பிடித்துப் பார்ப்போம். காலை ஒன்பது மணி தொடக்கம் மூன்று மணி வரைதான் வாசிக்க முடியும். முகில் வந்தால் கையைக் கட்டிக்கொண்டு இருப்போம். தண்ணீரைக் காய்ச்சி வடிக்கும் கருவி மின்சாரத்தில் ஓடுவது. அது மூலையில் துணி போர்த்தபடி கிடந்தது. ஆகவே ஸ்லைட்டைக் கிணற்றுத் தண்ணீரில்தான் கழுவினோம்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் எப்படி என்று இங்கே உள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கேத்திலுக்குள்ளே சுண்ணாம்பு படியும் ஊர் இது. கழுவிக் காய்ந்த ஸ்லைட்டில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி பிடித்துவிடும். அதற்குள் கிருமியைத் தேடுவது எனக்குப் பெரும் கரைச்சலாக இருந்தது. ஆய்வுகூடத்தின் பின்பக்கம் கூரைத் தண்ணீர் விழும் சீமெந்துத் தொட்டி ஒன்று இருந்தது. மழை பெய்து அது நிரம்பியபோது எனக்கு யோசனை வந்தது. மழைத் தண்ணீரில் சுண்ணாம்பு இல்லைத்தானே. ஒரு போத்தலில் எடுத்துக் கழுவிப் பார்த்தேன். ஸ்லைட் புத்தம் புதுக் கண்ணாடிபோல வந்தது.

நடராசா சேர் அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வடிவாய் இருக்கு" என்றார்.

அவர் என்னைப் புகழ்ந்தது அந்த ஒரு தரம்தான். பதினொரு நாட்கள் அந்தத் தொட்டித் தண்ணீரில் கழுவினேன்.

பன்னிரண்டாம் நாள் இருபத்து மூன்று ஸ்லைட். பதினெட்டில் ஒன்றுமில்லை. ஐந்தில் சிவப்புக் கோடுகள் இருந்தன. இரண்டு, நான்கு, மூன்று, ஐந்து, இரண்டு. எல்லாம் நூறு புலத்துக்கு. கிருமி கண்ட ஸ்லைட்டை இரண்டாவது ஆள் பார்த்த பிறகுதான் அறிக்கை வெளியே போக வேண்டும் என்பது எங்கள் விதி. அன்று சேர் மண்ணெண்ணெய் வாங்கும் பெர்மிற்றுக்காகக் கச்சேரிக்கு, அதாவது அரசாங்க அதிபர் அலுவலகத்துக்கு, போயிருந்தார். மார்பு கிளினிக்கிலிருந்து ஆள் வந்து நின்றது. நோயாளிகள் வீட்டுக்குப் போகமுன் மருந்து தொடங்கட்டும் என்று நினைத்து ஐந்து அறிக்கையையும் கொடுத்து அனுப்பினேன். நல்லெண்ணம்தான். ஆனாலும் விதியை மீறினேன்.

சேர் இரண்டு மணிக்கு வந்தார். பதிவேட்டைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாற்பது செக்கனுக்குள் என்னால் பிழையைப் பிடிக்க முடியவில்லை. அவர் இன்னும் துடைத்தார்.

"ஒரு நாளில் அஞ்சு பேர். அஞ்சு பேருக்கும் கொஞ்சம் கொஞ்சமாய். ஒருத்தருக்கும் கனக்க இல்லை. அப்பிடி வருமோ?" என்றார்.

"வந்திருக்கு சேர்."

அவர் புதுப் பெட்டியை உடைத்து, ஒன்றும் தேய்க்காத வெறும் ஸ்லைட் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இதுக்குச் சாயம் போடுங்கோ. வழக்கம்போலச் செய்யுங்கோ. கழுவிற தண்ணியும் வழக்கமானதுதான்."

செய்தேன். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடியைத் திருப்பித் திருப்பிக் கடைசி வெளிச்சத்தைப் பிடித்துப் பார்த்தேன். எவருடைய சளியும் படாத அந்த ஸ்லைட்டில் சிவப்புக் கோடுகள் இருந்தன. நூறு புலத்தில் நான்கு.

தண்ணீரிலும் மண்ணிலும் காசநோய்க் கிருமியின் சொந்தக்காரர்கள் சிலர் வாழ்கிறார்கள். ஆளுக்குப் பெரிய தீங்கு செய்யாதவர்கள். ஆனால் அவர்களும் சிவப்பை விடமாட்டார்கள். தேங்கி நின்ற தொட்டிச் சுவரில் அவர்கள் குடியேறி, கழுவும்போது சில ஸ்லைட்டில் ஒட்டியும் சிலதில் ஒட்டாமலும் போயிருக்கிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். நிறம் ஒன்று, உருவம் ஒன்று. பெயர்தான் வேறு. எங்கள் நுணுக்குக்காட்டிக்கு நிறம் தெரியும், பெயர் தெரியாது.

சேர் ஏசவில்லை. ஐந்து ரத்துக் கடிதம் எழுதச் சொன்னார். சைக்கிளில் கிளினிக்குக்குக் கொண்டு ஓடினேன். நான்கு பேருக்கு இன்னும் மருந்து தொடங்கவில்லை. ஐந்தாவது ஆளுக்கு அன்று மத்தியானமே தொடங்கிவிட்டார்கள். அவர் சண்டிலிப்பாயில் பாலர் பாடசாலை ஆசிரியை. யோகம் என்று பெயர், இருபத்தாறு வயது. அவருடைய ஸ்லைட்டில்தான் மூன்று கோடு. எக்ஸ்றே படத்தில் ஒரு சின்ன நிழலும் இருந்தது.

வைத்தியசாலை மருந்தகத்தில் ஊசிமருந்து கரைக்கும் சுத்தத் தண்ணீரை இரந்து வாங்கிவந்தோம். அடுத்த இரண்டு நாட்களில் ஐந்து பேரிடமும் மும்மூன்று தரம் சளி எடுத்தோம். பதினைந்து ஸ்லைட். பதினைந்திலும் ஒன்றுமில்லை. யோகத்தின் மூன்றும் அப்படித்தான். நான்கு பேரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். யோகத்தை மட்டும் டொக்டர் விடவில்லை. "நிழல் இருக்கு, முதல் அறிக்கையும் இருக்கு. துடங்கினதை நிப்பாட்ட மாட்டன்" என்றார். எட்டு மாத மருந்து. அதில் முதல் இரண்டு மாதம் நாளுக்கு ஓர் ஊசி. அறுபது ஊசி.

அந்த ஊசி சிலருக்குக் காதைக் கெடுக்கும். யோகத்துக்கு முதலில் காதுக்குள்ளே இரைந்தது, பிறகு வலது காது முழுதாகக் கேட்காமல் போயிற்று. கசக்காரி, அதாவது காசநோய்க்காரி, என்று சொல்லிப் பெற்றோர் பிள்ளைகளை மறித்தார்கள். பாலர் பாடசாலையில் முப்பத்திரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். இரண்டு மாதத்தில் ஒன்பதானார்கள். பிறகு அவரே நின்றுவிட்டார்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் இருப்பது பக்கத்துப் பண்டத்தரிப்பில். விசாரித்து விசாரித்து அறிந்தேன். அவரிடம் நேரே போய்க் கேட்கவில்லை. சந்தையில் கண்டால் குனிந்துகொண்டு போவேன். கீரிமலையில் ஓர் ஆடி அமாவாசை அன்று எதிரே வந்தார். திரும்பவும் கேணிக்குள் இறங்கிவிட்டேன். என் தொட்டித் தண்ணீருக்காக ஒரு பெண் காதைக் கொடுத்தாளா, அல்லது அவளுக்கு உண்மையிலேயே நோய் இருந்ததா? நடராசா சேர் ஆறு ஸ்லைட்டையும், அதாவது ஐந்து பேருடையதையும் அந்த வெறும் ஸ்லைட்டையும், ஒரு மரப்பெட்டியில் அடுக்கி என்னிடம் தந்தார். "எறியாதையுங்கோ" என்று மட்டும் சொன்னார். மூன்று தரம் இடம்பெயர்ந்தோம். மூன்று தரமும் அந்தப் பெட்டி வந்தது. "தையல் மெசினை விட்டிட்டு ஊராற்றை துப்பலைக் காவிக்கொண்டு வாற மனுசன்" என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லுவாள்.

இனி சுகந்திக்கு வருகிறேன். நான் ஓய்வுபெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு வேலைக்கு வந்தவள். இப்போது ஓர் ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பு. சென்ற மாசியில் அங்கே போனபோது, காசநோயைக் கண்டுபிடிக்க ஒரு புது முறையைப் பரீட்சித்துக்கொண்டிருந்தாள். மரபணுவை வெட்டித் திருத்தும் கருவி என்று பத்திரிகையில் படித்திருப்பீர்களே, கிரிஸ்பர், அதை வைத்துச் செய்வது.

"ஆற்றை மரபணுவைத் திருத்தப் போறியள்?" என்று கேட்டேன்.

"ஒருத்தற்றையும் இல்லை சேர். வெட்டுறதோடை சரி. இது பற்றீரியாவிட்டைப் படிச்ச வித்தை. அதுகளுக்கும் வைரஸ் பிடிக்கும். தப்பிப் பிழைச்ச பற்றீரியா அந்த வைரஸின்ரை மரபணுவிலை ஒரு துண்டை அடையாளத்துக்கு வைச்சிருக்கும். திரும்ப அவர் வந்தால் அடையாளம் பிடிச்சு வெட்டும்."

"சரி. அதுக்கும் சளிக்கும் என்ன?"

"நாங்கள் வைரஸின்ரை அடையாளத்தை எடுத்துப்போட்டுக் காசநோய்க் கிருமியின்ரை அடையாளத்தைக் குடுக்கிறம். அந்த வெட்டுற கத்தரிக்கோல் சளிக்குள்ளை அதைத் தேடும். கண்டுதெண்டால் வெட்டும். வெட்டினாப் பிறகு அதுக்கு விசர் பிடிச்ச மாதிரி. பக்கத்திலை கிடக்கிற மரபணு இழையெல்லாத்தையும் வெட்டும். அதுக்கெண்டே சாயம் கட்டின இழையளைப் போட்டு வைச்சிருக்கிறம். இழை அறுந்தால் இந்தக் கடதாசிப் பட்டியிலை ரெண்டாவது கோடு விழும். கிருமி இல்லாட்டி ஒரு கோடுதான்."

"எத்தனை இழை?"

"அதை ஆர் சேர் எண்ணினது!"

அந்த மறுமொழி எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கருவி பிடித்துக்கொண்டது. மூன்று கேள்வி கேட்டேன். கிருமி குறைவாக இருந்தால்? முதலில் அதன் மரபணுத் துண்டைப் பல மடங்காகப் பெருக்கிவிட்டுத்தான் கத்தரிக்கோலை விடுவார்களாம். சூடு? ஆளின் உடம்புச் சூட்டை விடக் கொஞ்சம் அதிகம் போதுமாம், ஸ்பிரிற் விளக்குத் தேவையில்லை. மூன்றாவது கேள்விக்காகத்தான் முதல் இரண்டையும் கேட்டேன்.

"தண்ணியிலை இருக்கிற சொந்தக்காரரைக் கண்டால் உது ஏமாறுமோ?"

"ஏமாறாது. அவையின்ரை அடையாளம் வேறை."

நிறத்தைப் பார்க்காமல் பெயரைக் கேட்கும் கருவி! முப்பத்தைந்து வருடம் முந்தி வந்திருக்கக் கூடாதா என்று எரிச்சலும் வந்தது. அடுத்த நாள் மரப்பெட்டியோடு போய் யோகத்தின் ஸ்லைட்டைக் காட்டினேன். சாயம் போட்ட பழைய ஸ்லைட்டிலிருந்தும் மரபணுவை எடுக்கலாம் என்று சுகந்தியே சொன்னாள். ஆனால் சுரண்டி எடுத்தால் ஸ்லைட் போய்விடும்.

"செய்யலாம் சேர். ஆனால் இது ஓராளின்ரை சளி. அவவிட்டைக் கேக்காமல் நான் தொட மாட்டன்."

ஆகவே முப்பது வருடத்துக்கு மேலாகக் குனிந்துகொண்டு போன நான் யோகத்தின் வீட்டு வாசலில் போய் நின்றேன். யோகம் ரீச்சருக்கு இப்போது தலை முக்கால்வாசி வெள்ளை. வீட்டோடு சேர்ந்து தோட்டம். கணவர் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். ரீச்சர் தன் இடது பக்கத்தில் கதிரையைப் போட்டு என்னை இருத்தினார். வடிவாகக் கேட்கும் பக்கம் அது. எல்லாவற்றையும் சொன்னேன். தொட்டி, பதினொரு நாள், கச்சேரிக்குப் போன சேர், ஐந்து அறிக்கை, வெறும் ஸ்லைட்டில் நான்கு. சொல்லி முடிய அவர் கேட்ட முதல் கேள்வி இது:

"என்ரை சளியை இவ்வளவு காலமும் வைச்சிருந்தனீங்களோ?"

"ஓம்."

"என்ரை மனுசன் எங்கடை கலியாணப் படத்தையே துலைச்சுப்போட்டார்."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கருவியைப் பற்றி விளக்கினேன். ஒன்றை மட்டும் இரண்டு தரம் சொன்னேன். "கோடு விழுந்தால் உங்களுக்கு நோய் இருந்தது எண்டு சொல்லலாம். விழாட்டி ஒண்டும் சொல்லேலாது. பழைய ஸ்லைட், மரபணு பழுதாய்ப் போயிருக்கலாம். இல்லையெண்டும் அர்த்தமில்லை."

"அப்ப, விழாட்டி நீங்கள் இன்னும் முப்பது வருசம் குனிஞ்சுகொண்டு திரியப் போறியளோ?" என்று கேட்டார். மறுமொழிக்குக் காத்திராமல் சுகந்தி தந்த தாளில் கையெழுத்து வைத்தார்.

சுரண்டுவதற்கு முன் அந்த ஸ்லைட்டைக் கடைசியாக ஒரு தடவை பார்க்கக் கேட்டேன். சிவப்பு மங்கி ரோசாவாகியிருந்தது. நூறு புலம் பார்த்தேன். மூன்றும் இருந்தன. ஸ்லைட் முழுவதும் ஏறக்குறையப் பத்தாயிரம் புலம் வரும். அப்படியானால் அதில் முந்நூறு கிடக்க வேண்டும். அந்த முந்நூறில் எத்தனை தொட்டியிலிருந்து வந்தவை, எத்தனை நெஞ்சிலிருந்து வந்தவை? இல்லை, எல்லாமே தொட்டிதானா? சுகந்தி அலகை எடுத்தாள். நான் வெறும் ஸ்லைட்டையும் நீட்டினேன்.

"இதையும் செய்யுங்கோ. வழக்கம்போல."

அவளுக்கு விளங்கியது. அதே தண்ணீரில் அதே நாள் கழுவியது. அதிலும் கோடு விழுந்தால் எங்கள் கத்தரிக்கோலும் ஏமாறுகிறது என்று அர்த்தம்.

சுரண்டிக் கழுவிச் சுத்தமாக்கவே முற்பகல் போயிற்று. பிறகு சின்னக் குழாய்களைச் சூட்டில் வைத்தாள். நாற்பது நிமிடம். நான் மேசையில் இருந்த பேனைகளை எண்ணினேன், பதினான்கு. ஆறு எழுதவில்லை. பட்டிகளைக் குழாய்க்குள் விட்டாள். ஈரம் மெல்ல மேலே ஏறியது. வெறும் ஸ்லைட்டின் பட்டியில் ஒரு கோடு விழுந்து நின்றது. யோகம் ரீச்சரின் பட்டியிலும் ஒரு கோடு. நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். போட்டுக்கொண்டு பார்த்தபோது இரண்டாவது கோடு விழுந்திருந்தது.

"திரும்பச் செய்யுங்கோ" என்றேன்.

மிச்சம் வைத்திருந்ததில் திரும்பச் செய்தாள். அதேதான். வெறும் ஸ்லைட்டில் ஒன்று, ரீச்சருடையதில் இரண்டு.

"இது ஆராய்ச்சி சேர், வைத்தியச் சான்று இல்லை" என்றாள். பிறகு மெதுவாக, "ஆனால் அவவுக்கு இருந்திருக்கு" என்றாள்.

அன்று பின்னேரமே சண்டிலிப்பாய்க்குப் போனேன். மழைத் தொட்டி அந்தப் பெண்ணின் காதைத் தின்னவில்லை. அந்த அறுபது ஊசியும் தேவையான ஊசி. டொக்டர் பிடிவாதம் பிடித்ததால் அவர் உயிரோடு வெங்காயம் நடுகிறார். வழி முழுக்க அத்தனை மகிழ்ச்சியாக இருந்தேன். மின்கம்பத்தை எண்ணவில்லை.

இடது பக்கத்துக் கதிரையில் இருந்து சொன்னேன். ரீச்சர் வலது காதை ஒருமுறை தொட்டுப் பார்த்தார்.

"அப்ப எனக்கு மெய்யாய்க் கசம் இருந்தது."

"ஓம்."

"பேந்து மூண்டு தரம் எடுத்த சளியிலை ஒண்டும் இல்லையெண்டு சொன்னனீங்கள். அது?"

"குறைவாய் இருந்தால் அப்பிடி வரும். ஒரு நாள் கிடக்கும், ஒரு நாள் கிடவாது."

தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் மெசின் இரைந்துகொண்டிருந்தது.

"அஞ்சு பேர் எண்டு சொன்னனீங்கள்" என்றார். "மற்ற நாலு பேருக்கும் மூண்டு தரம் எடுத்து, இல்லையெண்டுதானே வீட்டை அனுப்பினது?"

எண்ணுவதே வேலையாக இருந்தவன் நான். அவர் கேட்கும்வரை இந்தக் கணக்கை நான் போடவில்லை. வெறும் ஸ்லைட்டில் கோடு கண்டதும், ஐந்தும் தண்ணீர் என்று நம்பினோம். தண்ணீர் எல்லா ஸ்லைட்டிலும் இருந்தது உண்மை. தண்ணீரோடு சேர்ந்து வேறு எது இருந்தது என்று நானோ நடராசா சேரோ பிறகு கேட்கவில்லை. அந்த நால்வருக்கும் எக்ஸ்றேயில் நிழல் இருக்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் அடையலாம். முன்னமும் அப்படித்தான் அடைந்தோம்.

"பெட்டியிலை இன்னும் நாலு கிடக்கு" என்றேன்.

"ஆக்களைத் தெரியுமோ?"

"பேர், வயது, ஊர் எல்லாம் தெரியும்."

ரீச்சர் எழுந்து தோட்டப் பக்கம் போய்க் குரல் கொடுத்தார். "இஞ்சருங்கோ, அந்த மெசினை ஒருக்கால் நிப்பாட்டுங்கோ! எனக்கு ஒண்டும் கேக்கேல்லை."

மெசின் நின்றது. அவர் திரும்பி வந்து, இடது காதை என் பக்கம் வைத்து இருந்தார்.

"இந்தப் பக்கத்துச் சனத்தை முக்கால்வாசி எனக்குத் தெரியும். பேரை ஒவ்வொண்டாய்ச் சொல்லுங்கோ, தேடிப் பிடிப்பம்."

முதல் பெயரைச் சொன்னேன்.